சாவி கையில, கதவு மண்டைக்குள்ள

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப சித்தி மறுபடியும் அதே கேள்வியக் கேட்டாங்க. "நீ எலி மண்டையெல்லாம் வெட்டிப் படிச்சவதான, இரும்புச் சாவியக் கையில குடுத்தா வலிப்பு ஏன் நிக்குது, சொல்லு பாப்போம்." சாவியால நிக்கல சித்தி, அது தானா நிக்குதுன்னு நானும் பத்து வருஷமா சொல்லிட்டுதான் இருக்கேன், அவங்களும் விடுறதா இல்ல. "தானா எப்படி நிக்கும், ஓடுற மோட்டார் தானா நிக்குமா?" பஸ்ல திரும்பி வரும்போது யோசிச்சுப் பாத்தேன், சித்தியோட ரெண்டாவது கேள்வி உண்மையிலேயே ரொம்ப நல்ல கேள்வி, நான்தான் அதுக்கு ஒரு நாளும் ஒழுங்கா பதில் சொன்னதில்ல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

சித்தி பையனுக்கு முதல் தடவை வந்தது அவனுக்கு பதினோரு வயசு இருக்கும்போது, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட்ல. நான் அப்ப பி.எஸ்சி ரெண்டாவது வருஷம். பேசிட்டே நின்னவன் ஒரு பக்கமா கழுத்த திருப்பினான், கண்ணு மேல போச்சு, அப்படியே விறைச்சு விழுந்தான், அப்புறம் கை கால் எல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. டீக்கடைக்காரர் ஓடி வந்து கல்லாப்பெட்டி சாவிக்கொத்த அவன் கையில திணிச்சாரு, ஒரு பெரியவர் செருப்ப மோந்து பாக்கக் குடுங்கன்னு கத்துறாரு, சித்தி மடியில போட்டு அழறாங்க. நான் என்ன பண்ணேன்னு கேக்காதீங்க, ஒண்ணும் பண்ணல, கைக்கடிகாரத்தப் பாத்துட்டு நின்னேன், ஏன் பாத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஒன்றரை நிமிஷம். இழுக்குறது மெல்லமா குறைஞ்சு, ஒரு பெருமூச்சு விட்டு, அப்படியே தூங்கிட்டான். டீக்கடைக்காரர் சாவியத் தொடைச்சு இடுப்புல சொருகிட்டு "இரும்பு பட்டா நிக்கும்லா"ன்னு சொல்லிட்டு வடை எடுக்கப் போயிட்டாரு.

அவர் மேல தப்பே இல்ல. பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள தானா அடங்கிடும், சாவியத் தேடி எடுத்துட்டு வர்றதுக்கே ஒரு நிமிஷம் ஆயிடும், குடுத்ததும் நிக்கும், பேரு சாவிக்குப் போயிடும். ஆனா சித்தி கேட்டது அதுக்கு அடுத்த கேள்வி. கோடிக்கணக்கான நரம்பு செல் சேந்து ஒரே தாளத்துல வெடிச்சுட்டு இருக்கு, ஒண்ண ஒண்ணு தூண்டி விட்டுட்டு இருக்கு, அப்படி ஓடுறது எதுக்கு நிக்கணும்?

இதுக்கு நான் இப்ப சொல்ற பதில் மோட்டார்லயே இருக்கு. சித்தப்பா தோட்டத்துல பம்புசெட் இருக்கு, ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ள ஓவர்லோட் ரிலேன்னு ஒண்ணு இருக்கும், மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தா அந்தக் கரண்ட்டோட சூட்டுலயே ரிலேல இருக்கிற தகடு வளைஞ்சு ட்ரிப் ஆயிடும், ஆள் போயி ஆஃப் பண்ண வேண்டாம். அதாவது ஓடுற மோட்டாரை நிறுத்துறது அந்த ஓட்டமேதான். மூளையிலயும் கிட்டத்தட்ட இப்படி ஒண்ணு இருக்கு, ஒண்ணு இல்ல பல இருக்கு, அதுல ஒண்ணோட நான் ரெண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கேன்.

முதல்ல அடிப்படை, சுருக்கமா. நரம்பு செல்லைச் சுத்தி கொழுப்பால ஆன மெல்லிசான சவ்வு, உள்பக்கம் வெளிப்பக்கத்த விட சுமார் 70 மில்லிவோல்ட் நெகட்டிவ். சவ்வுல அங்கங்க புரதத்தால ஆன ஓட்டை, அதுதான் அயான் சேனல். சோடியம் சேனல் திறந்தா சோடியம் உள்ள பாயும், செல் சுடும், அதாவது மின் சிக்னல் விடும். பொட்டாசியம் சேனல் திறந்தா பொட்டாசியம் வெளிய போகும், செல் அடங்கும். சோடியம் ஆக்ஸிலேட்டர், பொட்டாசியம் பிரேக், அவ்வளவு ஞாபகம் வச்சுக்கிட்டா போதும் இந்தப் பதிவுக்கு. ஒரு சேனல் திறந்திருக்கும்போது வினாடிக்கு பத்து லட்சத்துக்கும் மேல அயான் அது வழியா போகும், அப்படி ஒத்தை சேனல் திறந்து மூடுறத கண்ணாடிக் குழாய் நுனிய சவ்வு மேல ஒட்ட வச்சு 1976-ல நேரும் சக்மனும் பதிவு பண்ணாங்க, 1991-ல நோபல்.

பாடப்புத்தகத்துல என்ன போட்டிருக்கும்னா, வோல்டேஜ் மாறினா சேனல் திறக்கும், இல்ல ஒரு ரசாயனம் வந்து ஒட்டினா திறக்கும். ரெண்டும் சரி. ஆனா அதே வோல்டேஜ்ல அதே சேனல் நேத்து திறந்துச்சு இன்னைக்குத் திறக்கலன்னா? கதவு ஒண்ணுதான், கீல்ல துரு ஏறியிருக்கா எண்ணெய் விட்டிருக்கான்னு ஒரு சங்கதி இருக்குல்ல, அதப்பத்தி பள்ளிக்கூடப் புத்தகம் பேசுறதே இல்ல.

அந்த எண்ணெயும் துருவும்தான் பாஸ்பேட், பாஸ்பரஸும் ஆக்ஸிஜனும் சேந்த ஒரு குட்டித் துண்டு. செல்லுக்குள்ள கைனேஸ்னு ஒரு கூட்டம் இருக்கு, மனுச மரபணுத்தொகுதியில 500-க்கும் மேல, அதுங்க வேலை செல்லோட எரிபொருளான ஏ.டி.பி-ல இருந்து ஒரு பாஸ்பேட்டப் பிச்சு ஏதாவது ஒரு புரதத்தோட செரின், திரியோனின், டைரோசின்ங்கிற மூணு அமினோ அமிலத்துல ஒண்ணு மேல ஒட்ட வைக்கிறது. அதக் கழட்டி எறியிறதுக்கு பாஸ்ஃபடேஸ்னு இன்னொரு கூட்டம். பாஸ்பேட் தம்மாத்தூண்டு, ஆனா ரெண்டு நெகட்டிவ் சார்ஜோட வரும், அது ஒட்டின இடத்துல புரதம் கொஞ்சம் முறுக்கிக்கும், இல்ல பக்கத்துல வேற எவனாவது வந்து ஒட்டுறதுக்கு இடம் குடுக்கும், இல்ல இடத்த அடைக்கும். மூணுல எது நடக்கும்ங்கிறது அது எங்க ஒட்டுதுங்கிறதப் பொறுத்தது. இத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில இதுதான் வேணும்.

இந்த ஒட்டுறது கழட்டுறது விளையாட்ட முதல்ல கண்டுபிடிச்சது மூளையில இல்ல, முயல் தசையில. 1950-கள்ல ஃபிஷர், கிரெப்ஸ்னு ரெண்டு பேர், தசை சர்க்கரைச் சேமிப்ப உடைக்கிற என்சைம் ஒரு பாஸ்பேட்டால ஆன் ஆகுதுன்னு காட்டினாங்க, நோபல் வந்து சேர 1992 ஆயிடுச்சு. அத மூளைக்குக் கொண்டு வந்ததுல பெரிய பங்கு பால் கிரீன்கார்டுக்கு. நரம்பு செல்லும் இதே மாதிரி பாஸ்பேட் வச்சுதான் பேசிக்குதுன்னு அவர் சொன்னப்ப ரொம்ப பேர் நம்பல. கிரீன்கார்டப் பத்தி ஒரு விஷயம், அவரப் பெத்தெடுக்கும்போதே அவங்க அம்மா இறந்துட்டாங்க, 2000-ல நோபல் பணம் வந்தப்ப அந்த அம்மா பேர்ல பெண் விஞ்ஞானிகளுக்கு ஒரு விருது ஏற்படுத்திட்டாரு. லேப்ல நைட்டு ஜெல் ஓடிட்டு இருக்கும்போது நான் இத எங்கயோ படிச்சு அழுதிருக்கேன், தூக்கமில்லாம இருந்தா எல்லாத்துக்கும் அழுக வரும்.

அந்த 2000 நோபல கூடவே வாங்கின எரிக் கேண்டல் வச்சிருந்தது கடல் முயல், முயல் இல்ல, கையளவு பெரிய நத்தை ஜாதி, ஓடு வெளிய தெரியாது. நமக்கு 8,600 கோடி நரம்பு செல்னா அதுக்கு மொத்தமே 20,000 பக்கம்தான், சிலது வெறுங்கண்ணுக்கே தெரியும். வால்ல ஒரு ஷாக் குடுத்தா அதுக்கப்புறம் லேசா தொட்டாக்கூட செவுள உள்ள இழுத்துக்கும், பயந்துடுச்சு. அந்தப் பயம் எங்க இருக்குன்னு தேடிட்டுப் போனா ஒரு பொட்டாசியம் சேனல்ல வந்து நிக்குது. ஷாக் குடுத்தா செரட்டோனின்ங்கிற நரம்பு ரசாயனம் வரும், அது செல்லுக்குள்ள சேதி கடத்துற சைக்ளிக் ஏ.எம்.பி-ய ஏத்தும், அது ஒரு கைனேஸ எழுப்பும், பொட்டாசியம் சேனல் மூடிக்கும். பிரேக் ஒண்ணு குறைஞ்சா ஒவ்வொரு சிக்னலும் கொஞ்சம் நீளும், கால்சியம் கூட வரும், அடுத்த செல்லுக்கு சத்தமா கேக்கும்.

1982-ல சீகல்பாம், கமார்டோ, கேண்டல் பண்ண பரிசோதனையில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு நுணுக்கம் இருக்கு. கண்ணாடிக் குழாய சவ்வு மேல ஒட்ட வச்சு அதுக்குள்ள மாட்டின ஒத்தை சேனலப் பாத்துட்டே இருக்காங்க, செரட்டோனின குழாய்க்கு வெளிய தண்ணியில ஊத்துறாங்க. குழாய் சவ்வோட இறுக்கமா ஒட்டியிருக்கு, செரட்டோனின் அந்த சேனலத் தொடவே முடியாது. ஆனாலும் சேனல் மூடுது. அப்படின்னா சேதி செல்லுக்கு உள்ள போயி சுத்தி வந்து உள்பக்கமா சேனலத் தட்டியிருக்கணும், வேற வழியே இல்ல. 1985-ல அந்தச் சவ்வுத் துண்ட செல்ல விட்டே பிச்செடுத்து, கைனேஸையும் ஏ.டி.பி-யையும் நேரடியா ஊத்திக் காட்டினாங்க, அப்பவும் மூடுச்சு. ரூம் போட்டு யோசிச்சிருப்பாங்க போல.

சரி, ரெண்டு வருஷம் குடித்தனம் நடத்தினேன்னு சொன்னேனே, அந்த நம்ம ஆளுக்கு வருவோம். கே.வி 2.1. இதுவும் பொட்டாசியம் சேனல், இதுவும் பிரேக். மூளையோட மேல்பட்டையான கார்டெக்ஸ், ஞாபகத்துக்கான பகுதியான ஹிப்போகேம்பஸ், இந்த ரெண்டோட செல்கள்ல ரொம்ப அதிகமா இருக்கும், அதுவும் பெரும்பாலும் செல் உடம்பு மேலயும் கிளை ஆரம்பிக்கிற இடத்துலயும், சவ்வு முழுக்க பரவாம கும்பல் கும்பலா. ஃப்ளோரசன்ட் ஆன்டிபாடி போட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தா கறுப்புப் பின்னணியில செல்லைச் சுத்தி பச்சைப் புள்ளிகளா ஜொலிக்கும், கார்த்திகைக்கு வீட்டு மதில்ல அகல் வச்ச மாதிரி. முதல் தடவை பாத்தப்ப பக்கத்து சீட்டு ஆளக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் "ம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

இந்த சேனலுக்கு ஒரு நீள வால் உண்டு, செல்லுக்கு உள்பக்கமா தொங்கும், 400 அமினோ அமிலத்துக்கும் மேல. அந்த வால்ல எக்கச்சக்க பாஸ்பேட். அமைதியா இருக்கிற மூளையில இந்த சேனல் பாஸ்பேட்டால மூழ்கிக் கிடக்கும், அப்படி இருக்கும்போது அதத் திறக்க ரொம்ப பெரிய வோல்டேஜ் வேணும், அதாவது பிரேக் பெடல் ரொம்ப கெட்டி. ஜிம் ட்ரிம்மர்னு ஒருத்தரோட குழு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் டேவிஸ்ல, 2004-ல என்ன காட்டினாங்கன்னா, எலிக்கு கைனேட்ங்கிற ரசாயனம் குடுத்து வலிப்பு வர வச்சா இந்த பாஸ்பேட் மொத்தமா உதிர்ந்துடுது, கும்பல் கலைஞ்சு சேனல் எல்லாம் சவ்வு முழுக்கப் பரவிடுது. கைனேட்டும் ஒரு கதை, ஜப்பான்ல ஒரு கடல்பாசியில இருந்து எடுத்தது, குழந்தைங்களுக்கு வயித்துப் பூச்சி மருந்தா குடுத்திட்டு இருந்தாங்க.

உதிர்க்கிறது யாரு? கால்சினியூரின். பாஸ்ஃபடேஸ் கூட்டத்துல ஒருத்தர், கால்சியம் ஏறினாத்தான் முழிப்பார். செல் தாறுமாறா சுடும்போது கால்சியம் உள்ள கொட்டும், கொட்டினா கால்சினியூரின் எழுந்து கே.வி 2.1 வால்ல இருக்கிற பாஸ்பேட்டக் கழட்டும், கழட்டினா அந்த சேனல் முன்ன விட சுமார் 20 மில்லிவோல்ட் முன்னாடியே திறக்க ஆரம்பிச்சுடும். 20 மில்லிவோல்ட் கேக்க சின்னதா இருக்கும், மொத்தமே 70-ல நிக்கிற செல்லுக்கு அது பெரிய விஷயம். பிரேக் பெடல் திடீர்னு தொட்டாலே பிடிக்கிற மாதிரி ஆயிடுது. அதிக ஓட்டம் கால்சியத்த ஏத்துது, கால்சியம் பிரேக்க இளக்குது, பிரேக் ஓட்டத்தக் குறைக்குது. சித்தப்பாவோட ரிலே இதுதான். அமைதி திரும்பினதும் கைனேஸ் வந்து மறுபடி பாஸ்பேட்ட ஒட்ட வச்சுடும், ரீசெட் பட்டன் அமுக்கின மாதிரி.

2006-ல அதே குழு, மொகபாத்ராவும் மிசொனோவும் இருந்தாங்க அதுல, மூலக்கூறு எடை பாக்குற மாஸ் ஸ்பெக்ட்ராமீட்டர்ல போட்டு 16 இடத்துல பாஸ்பேட் ஒட்டுதுன்னு எண்ணி எடுத்தாங்க, அதுல 7 இடம் கால்சினியூரின் கைபடுற இடம். ஒண்ணு கழட்டினா கொஞ்சம் இளகும், ரெண்டு கழட்டினா இன்னும் கொஞ்சம். அதாவது இது லைட் சுவிட்ச் இல்ல, ஃபேன் ரெகுலேட்டர். இந்தப் பேப்பர் படிச்ச அன்னைக்குத்தான் எனக்கு இந்தத் துறை மேல நெஜமாவே கிறுக்குப் பிடிச்சுது.

இங்க ஒரு லேப் கதை சொல்லியாகணும். எம்.எஸ்சி முடிச்சுட்டு ஒரு லேப்ல ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட்டா இருந்தேன், எந்த லேப்னு வேண்டாம். என் வேலை, சும்மா இருந்த எலி, வலிப்பு வந்த எலி, ரெண்டோட ஹிப்போகேம்பஸையும் எடுத்து அரைச்சு, கரண்ட் விட்டு புரதங்களப் பிரிக்கிற ஜெல்ல ஓட்டி, கே.வி 2.1 பேண்ட், அதாவது அந்தப் புரதத்தோட கோடு, எங்க நிக்குதுன்னு பாக்கணும். பாஸ்பேட் இருக்கிற புரதம் ஜெல்ல மெதுவா போகும், மேலயே நின்னுடும், 130 கிலோடால்டன் (புரத எடைக்கான அளவு) மார்க்கர் பக்கத்துல. பாஸ்பேட் உதிர்ந்தது வேகமா ஓடி 100 பக்கமா இறங்கிடும். 16 பாஸ்பேட்டோட எடையக் கூட்டினாக்கூட ஒண்ணரை கிலோடால்டன் வராது, ஆனா பேண்ட் அதுக்கு மேல பல மடங்கு தள்ளி நிக்கும், எடையால இல்ல, அந்த நெகட்டிவ் சார்ஜால டிடர்ஜென்ட் சரியா ஒட்டாம தடுமாறி ஓடுது. இது புரியவே எனக்கு மூணு மாசம் ஆச்சு.

கஷ்டம் என்னன்னா எலி செத்த நிமிஷத்துல இருந்து மூளைக்கு ஆக்ஸிஜன் இல்ல, ஆக்ஸிஜன் இல்லாட்டி கால்சியம் ஏறும், ஏறினா கால்சினியூரின் எழும்பும், நீங்க வலிப்பே குடுக்காத எலியிலகூட பாஸ்பேட் உதிர ஆரம்பிச்சுடும். அதனால கை ஓட்டம் வேணும், ஐஸ் மேல வச்சு விறுவிறுன்னு எடுத்து பஃபர்ல போடணும், அந்த பஃபர்ல பாஸ்ஃபடேஸ் எல்லாத்தையும் கட்டிப்போடுற மருந்துங்க இருக்கணும், சோடியம் ஃப்ளோரைடு, கால்சியத்தப் பிடிச்சு வைக்க ஈ.டி.டி.ஏ, அப்புறம் ஆர்த்தோவனடேட். இந்த ஆர்த்தோவனடேட் ஒரு பூஜை, பி.ஹெச் பத்துக்குக் கொண்டு வந்தா மஞ்சளா மாறும், கொதிக்க வச்சா நிறம் போகும், ஆற வச்சு மறுபடி பி.ஹெச் பாத்தா மறுபடி மஞ்சள், மறுபடி கொதி, நிறமே வராம நிக்கிற வரைக்கும் இப்படி. ஒரு நாள் அந்தப் பூஜைய மட்டும் சிரத்தையா பண்ணிட்டு ஃப்ளோரைடையும் ஈ.டி.டி.ஏ-வையும் போட மறந்துட்டேன். போதாததுக்கு சென்ட்ரிஃப்யூஜ்ல வேற ஒருத்தர் சாம்பிள் ஓடிட்டு இருந்துச்சு, ட்யூப் எல்லாம் அரை மணி நேரம் டேபிள்லயே கிடந்துச்சு, ஐஸும் உருகிடுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு ஃபிலிம் டெவலப் பண்ணா எட்டு லேனும் ஒரே மட்டத்துல, எல்லாம் கீழ. அழகா ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி. எங்க சார் ஃபிலிம ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்துட்டு, "ஏம்மா, கண்ட்ரோல் எலிக்கும் வலிப்பு வந்துருச்சா?"ன்னு கேட்டாரு. திட்டல. திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. ஆறு மணி நேரம் ஒரு ட்யூப்ல உக்காந்து கெட்டியா இருக்கவேண்டிய சேதி அரை மணி நேரத்துல உதிர்ந்து போச்சு, எவ்வளவு லேசான முடிச்சு போட்டு வச்சிருக்கான் பாரு இந்த மூளைன்னு அன்னைக்குத் தோணுச்சு, ஒரு பக்கம் எட்டு எலிய வீணாக்கின குற்ற உணர்ச்சி வேற.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லிடுறேன். பஸ் ஸ்டாண்ட்ல அந்த ஒன்றரை நிமிஷத்துல நின்னதுக்கு கே.வி 2.1 தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வலிப்ப அடக்குறதுக்கு மூளையில வேற ஆளுங்களும் இருக்காங்க, அளவுக்கு மீறி வேலை செஞ்ச செல்லுங்க வெளிய விடுற அடினோசின் ஒண்ணு, மூளைத் திசுவுல அமிலம் ஏறுறது ஒண்ணு. பாஸ்பேட்டக் கழட்டி சேனலப் பரப்பி விடுறதுக்கு சில நிமிஷம் பிடிக்கும், அதனால அது நடக்குற வலிப்ப நிறுத்துறத விட, நின்ன பிறகு உடனே அடுத்தது கிளம்பாம பாத்துக்கிறதுலயும் செல்லக் காப்பாத்துறதுலயும்தான் கூட உதவுதுன்னு என் எண்ணம். ஆனா பிரேக்குங்கிறதுல சந்தேகம் இல்ல, இந்த சேனல் மரபணுவையே எடுத்துட்ட எலிங்களுக்கு வலிப்பு சுலபமா வருது, மனுசங்கள்ல இந்த மரபணு கெட்டுப்போன குழந்தைங்களுக்கு கடுமையான வலிப்பு நோய் வர்றத 2014-ல இருந்து டாக்டர்கள் பதிவு பண்ணிட்டு வர்றாங்க.

இப்ப கதையோட மறுபக்கம், இதுதான் எனக்குப் பயம். அஞ்சு நிமிஷத்தத் தாண்டியும் இழுப்பு நிக்கலன்னா டாக்டருங்க அத ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்னு எடுத்துப்பாங்க, அப்படியே விட்டா தானா நிக்கும்னு காத்திருக்கக் கூடாது. அதுக்குக் குடுக்கிற முதல் மருந்து டயசெபாம், லோராசெபாம், மிடசோலம் இந்த வகை. இதுங்க வேலை செய்யிற இடம் காபா ரிசெப்டர், காபாங்கிற நரம்பு ரசாயனம் வந்து ஒட்டுற இடம், அதுவும் ஒரு சேனல்தான், அஞ்சு துண்டு புரதம் வட்டமா சேந்து நடுவுல குளோரைடு போற ஓட்டை, இதுவும் செல்ல அடக்குற கட்சி. மருந்து அந்த ரிசெப்டர்ல ஒட்டி அதோட கைய வலுவாக்கும்.

எலிகள்ல பாத்தது என்னன்னா, வலிப்பு ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல குடுத்தா கொஞ்சம் டயசெபாமே போதும், முக்கால் மணி நேரம் ஓட விட்டுட்டுக் குடுத்தா அதே பலனுக்கு பத்து மடங்கு பக்கமா வேணும். மருந்து அதேதான், எலியும் அதே ஜாதிதான். மருந்து போயி ஒட்டுற இடம்தான் காணோம். காபா ரிசெப்டரோட பீட்டா-3ங்கிற துண்டுல 408, 409-னு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு செரின், அது மேல பாஸ்பேட் இருக்கிற வரைக்கும் ரிசெப்டர் சவ்வுல பத்திரமா நிக்கும். ஏன்னா செல்லுக்குள்ள இருந்து ரிசெப்டரப் பிடிச்சு உள்ள இழுக்கிற ஏ.பி.2-ன்னு ஒரு புரதம் இருக்கு, அது கை வைக்கிற இடமும் அதே இடம்தான், பாஸ்பேட் உக்காந்திருந்தா அதால பிடிக்க முடியாது. வலிப்பு நீண்டுட்டே போனா அங்க பாஸ்பேட் குறையுது, ஏ.பி.2 வந்து பிடிக்குது, ரிசெப்டர் சவ்வ விட்டு உள்ள போயிடுது. அதுக்கப்புறம் ஊசி போட்டா மருந்து வந்து கதவத் தட்டுது, கதவே இல்ல, சுவருதான் இருக்கு.

கவனிச்சீங்களா? கே.வி 2.1-ல பாஸ்பேட் போனா பிரேக் இளகிப் பிடிக்குது, நல்லது. காபா ரிசெப்டர்ல பாஸ்பேட் போனா பிரேக்கே கழண்டு போகுது, கெட்டது. ஒரே செல், ஒரே வலிப்பு, கழண்டது ரெண்டு இடத்துலயும் அதே பாஸ்பேட். பாஸ்பேட்டுக்குன்னு சொந்தமா அர்த்தம் எதுவும் இல்ல, தமிழ்ல புள்ளி மாதிரி, க மேல வச்சா ஒரு சத்தம், ச மேல வச்சா வேற சத்தம், புள்ளி மட்டும் தனியா தாள்ல இருந்தா அது வெறும் மைச்சொட்டு. அதனாலதான் "மூளையில பாஸ்பேட்டக் கூட்டுற மாத்திரை" அப்படின்னு ஒண்ணு வந்து எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். கால்சினியூரின அடக்குற மருந்து நிஜமாவே இருக்கு, கிட்னி மாத்தினவங்களுக்குக் குடுக்கிற டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், உடம்பு புதுக் கிட்னிய நிராகரிக்காம இருக்கத்தான் குடுக்கிறது, ஆனா சிலருக்கு கை நடுக்கம் வரும், அரிதா வலிப்பும் வரும். கே.வி 2.1 பிரேக் பிடிக்காததாலதான் வருதுன்னு முடிச்சுப் போட்டுடாதீங்க, கால்சினியூரினுக்கு மூளையில நூறு வேலை இருக்கு.

பாஸ்பேட் மட்டும்தான் ஒட்டும்னும் இல்ல. பால்மிடிக் அமிலம்னு ஒரு கொழுப்பு, ரேஷன் கடையில பாக்கெட்ல குடுக்கிற பாமாயில்ல இருக்கிற அதே கொழுப்பு, அதையும் மூளை தன்னோட சேனல் புரதங்கள் மேல ஒட்டிக்குது. காபா ரிசெப்டர்லயும் உண்டு, கத்துக்கிறதுக்கு முக்கியமான ஆம்பா ரிசெப்டர்லயும் உண்டு. கொழுப்பு ஒட்டினா அந்தப் பகுதி சவ்வோட சாய்ஞ்சுக்கும், ரிசெப்டர் எங்க போகும் எங்க நிக்கும்னு அது தீர்மானிக்கும். அதுக்காக நாளைக்கு பாமாயில்ல வடை சுட்டுச் சாப்பிட்டா ஞாபக சக்தி வரும்னு வாட்ஸப்ல அனுப்பிடாதீங்க, உடம்பு அந்தக் கொழுப்ப தானே தயாரிச்சுக்கும்.

இன்னொண்ணு சொல்லாம விட மனசில்ல. கே.வி 2.1 கும்பலா இருக்கும்போது அதுல பெரும்பாலான சேனல் பொட்டாசியத்த விடுறதே இல்ல, சும்மா நிக்குது. இவ்வளவு செலவு பண்ணி செஞ்ச சேனல எதுக்கு மூளை சும்மா நிறுத்தி வச்சிருக்குன்னு ரொம்ப நாள் யாருக்கும் புரியல. 2018-ல தெரிஞ்சது, வால்ல ஒரு இடத்துல பாஸ்பேட் இருந்தா செல்லுக்குள்ள இருக்கிற எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்ங்கிற உள்சவ்வு வலையோட புரதம் ஒண்ணு அங்க வந்து கோத்துக்குது, அப்படி உள்சவ்வையும் வெளிச்சவ்வையும் சேத்துக் கட்டி வைக்கிற ஆணி வேலைய இந்த சேனல் பாத்துட்டு இருக்கு. பாஸ்பேட் உதிர்ந்தா ஆணி கழண்டு சேனல் சவ்வுல பரவ ஆரம்பிக்கும். நான் லேப விட்டு வந்த பிறகு வந்த பேப்பர். ராத்திரி படிச்சுட்டு என் பழைய பச்சைப் புள்ளி படத்தத் தேடி எடுத்துப் பாத்தேன், எல்லாம் ஆணின்னு தெரியாம அகல்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன்.

இதெல்லாத்தையும் சித்திகிட்ட போன்ல சொன்னேன், பாஸ்பேட் சமாசாரத்த விட்டுட்டு ஓவர்லோட் ரிலேய மட்டும் வச்சு. சித்தப்பா பக்கத்துல இருந்து கேட்டுட்டு "அதான நானும் சொல்லுதேன், காயில் எரியிறதுக்கு முன்னாடி ட்ரிப் ஆவணும்"னு அவர் பாட்டுக்கு மோட்டார் ரிப்பேர் கதைக்குப் போயிட்டாரு. சித்தி கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அஞ்சு நிமிஷம் தாண்டினா?" தாண்டினா காத்திருக்கக் கூடாது, டாக்டர் எழுதிக் குடுத்த மிடசோலம் ஸ்ப்ரேய அவர் சொன்ன அளவுக்கு மூக்குல அடிச்சுட்டு நேரா ஆஸ்பத்திரி, அதுவரைக்கும் ஒருக்களிச்சுப் படுக்க வை, வாயில எதையும் வைக்காத, கடிகாரத்தப் பாருன்னேன்.

தம்பிக்கு இப்ப இருபத்தி நாலு வயசு, மாத்திரை ஒழுங்கா போடுறான், மூணு வருஷமா ஒண்ணும் வரல. ஊர்ல இருந்து கிளம்புற அன்னைக்கு சித்தி சில்லறை எடுக்க ஹேண்ட்பேகத் திறந்தாங்க. ஜிப் வச்ச சின்ன பவுச்சுக்குள்ள அந்த ஸ்ப்ரே, மேல எக்ஸ்பயரி தேதிய பேனாவால பெருசா எழுதி ஒட்டியிருந்தாங்க. அதுக்குப் பக்கத்துலயே விரல் நீளத்துக்கு ஒரு பழைய இரும்புச் சாவி. எந்தப் பூட்டோட சாவின்னு கேட்டேன். "பூட்டு எப்பவோ தொலைஞ்சு போச்சுட்டி"ன்னு சொல்லிட்டு ஜிப்ப இழுத்து மூடிட்டாங்க.